டாக்டர் மோரோவின் மகள்: ஊசி யார் கையில்?

கொஞ்சம் நீளமான இழை இது. அவசரமா இருக்கறவங்க சேமிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி படிங்க. ஒரு நாவலைப் பத்திதான் எழுதப் போறேன், ஆனா பாதி மருத்துவ வரலாறாத்தான் இருக்கும். நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கற சாதாரண எம்பிபிஎஸ் டாக்டர். இலக்கிய விமர்சகன் கிடையாது. அதனால இந்தக் கதையில ஒரு டாக்டர் கண்ணுக்கு என்ன தட்டுப்பட்டுச்சோ அதை மட்டும் சொல்றேன்.

1/
நாவல் பேரு "தி டாட்டர் ஆஃப் டாக்டர் மோரோ". எழுதினவர் சில்வியா மொரேனோ கார்சியா. மெக்சிகோவில் பிறந்து கனடாவில் வாழறவர். 2020-ல் வந்த "மெக்சிகன் காத்திக்" இவருக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது. இந்த நாவல் வந்தது 2022 ஜூலையில. அடுத்த வருஷம் ஹியூகோ விருதுக்கான இறுதிப் பட்டியல்லயும் இருந்தது.

2/
"காத்திக்" என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒதுக்குப்புறமா ஒரு பெரிய பழைய வீடு. அதுக்குள்ள பூட்டிய ஒரு அறை. வீட்டுக்காரர் மறைக்கிற ஒரு ரகசியம். வெளியுலகமே தெரியாம வளர்ற ஒரு பொண்ணு. பேய் வரணும்னு கட்டாயம் இல்லை. அந்த வீடே போதும் பயமுறுத்த. இந்த நாவல்ல பூட்டிய அறை என்பது ஒரு ஆய்வுக்கூடம்.

3/
மூலக்கதை ஹெச்.ஜி.வெல்ஸ் 1896-ல் எழுதிய "தி ஐலண்ட் ஆஃப் டாக்டர் மோரோ". அதைப் படிக்காதவங்களுக்குச் சுருக்கம்: கப்பல் மூழ்கித் தப்பிக்கிற பிரெண்டிக் என்கிற ஆள் ஒரு தீவில கரை ஒதுங்குறான். அங்கே மோரோ என்கிற டாக்டர், லண்டனை விட்டுத் துரத்தப்பட்டவர், மிருகங்களை வெட்டி ஒட்டி மனுஷங்களா மாத்திக்கிட்டு இருக்கார். மயக்க மருந்து எதுவும் கிடையாது. கூட உதவிக்கு மான்ட்கோமரி என்கிற குடிகார உதவியாளர்.

4/
வெல்ஸ் சும்மா கற்பனையில இதை எழுதலை. அவர் லண்டன்ல தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படிச்சவர். அவர் சின்னப் பையனா இருந்த காலத்தில்தான் இங்கிலாந்தில் உயிரோடு மிருகங்களை அறுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிகளுக்கு எதிரா பெரிய சண்டை நடந்தது. 1876-ல் அதுக்காகவே ஒரு சட்டம் வந்தது. மிருகங்கள் மேல சோதனை செய்ய லைசென்ஸ் வேணும், முடிஞ்சவரை மயக்க மருந்து கொடுக்கணும்னு சொன்ன சட்டம். லண்டன் விரட்டின மோரோவுக்குப் பின்னாடி இருக்கறது அந்தச் சண்டைதான்.

5/
ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? மிருகங்களுக்கு 1876-லயே சட்டம். ஆராய்ச்சிக்கு உட்படும் மனுஷங்களுக்கு உலகம் பூரா ஏத்துக்கிட்ட விதின்னு ஒண்ணு வர 1947-ல் நியூரம்பர்க் தீர்ப்பு வரைக்கும் ஆச்சு. இடையில 71 வருஷம். இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

6/
இப்போ மொரேனோ கார்சியா என்ன செஞ்சிருக்கார்னு பார்ப்போம். தீவைத் தூக்கிட்டார். கதை மெக்சிகோவின் யுகாட்டான் தீபகற்பத்தில், காட்டுக்கு நடுவில், யாஷக்துன் என்கிற பண்ணையில் நடக்குது. 1871-ல் தொடங்கி 1877-க்குத் தாவுது. மோரோ இருக்கார், மான்ட்கோமரி இருக்கார், பாதி மிருகம் பாதி மனுஷங்களும் இருக்காங்க. புதுசா வந்தவள் மோரோவின் மகள் கார்லோட்டா.

7/
வெல்ஸ் கதையில மோரோவுக்கு மகளே கிடையாது. சொல்லிக்கற மாதிரி இருக்கிற ஒரே பெண் பாத்திரம், பேர்கூட இல்லாத ஒரு பெண் பூமா. அறுவை மேஜையில கட்டிப் போட்டிருக்கும். கதை முழுக்க அதோட அலறல் கேட்டுக்கிட்டே இருக்கும். கடைசியில சங்கிலியைப் பிடுங்கிக்கிட்டு ஓடும். மோரோ சாகறது அதன் கையாலதான். நான் படிச்ச வரைக்கும், கார்லோட்டா அந்தப் பூமாவோட பேத்தி. 126 வருஷம் கழிச்சு அதுக்கு ஒரு பேரும் குரலும் கிடைச்சிருக்கு.

8/
சினிமாக்காரங்களுக்கு ஒரு குட்டித் தகவல். 1932-ல் இந்தக் கதையை "ஐலண்ட் ஆஃப் லாஸ்ட் சோல்ஸ்"னு படமா எடுத்தாங்க. மோரோவா நடிச்சவர் சார்லஸ் லாட்டன். சிறுத்தைப் பெண்ணோட பேர் லோட்டா. நாவல்ல மான்ட்கோமரியின் முழுப் பேர் மான்ட்கோமரி லாட்டன். நாயகி கார்லோட்டா. புரிஞ்சவங்க சிரிச்சுக்கலாம்.

9/
சரி, ஏன் யுகாட்டான்? இங்கேதான் நாவல் கனமாகுது.

1847-ல் அங்கே மாயா மக்கள் கிளர்ந்தெழுந்தாங்க. நிலத்தைப் பறிகொடுத்து, வரி கட்டி, பண்ணையில கடனுக்கு உழைச்சு ஓய்ஞ்சுபோன மக்கள். 1848-ல் தீபகற்பத்தின் பெரும்பகுதி அவங்க கையில இருந்தது. அப்புறம் பின்வாங்கினாலும், கிழக்கே சான் சாந்தா குரூஸ் என்கிற ஊரை மையமா வச்சு அரை நூற்றாண்டு தனியா நின்னாங்க. மெக்சிகோ ராணுவம் அந்த ஊருக்குள்ள நுழைஞ்சது 1901-ல்தான்.

10/
இந்தப் போருக்கு ஸ்பானிய மொழியில வச்ச பேரு "கெர்ரா தே காஸ்தாஸ்". ஆங்கிலத்தில "காஸ்ட் வார்". நம்ம ஆட்கள் இதை "சாதிப் போர்"னு படிச்சுட்டுக் குழம்ப வேண்டாம். அமெரிக்கக் கண்டத்தின் ஸ்பானியக் காலனிகளில் "காஸ்தா" என்பது வெள்ளையர், பூர்வகுடி, கறுப்பர், கலப்பினத்தவர்னு பிறப்பை வச்சு மனுஷனை அடுக்கின முறை. அதே சொல்லைத்தான் போர்த்துகீசியர் இந்தியாவுக்கு வந்தப்போ நம்ம சாதிக்கும் வச்சாங்க. ஆங்கில "காஸ்ட்" அங்கிருந்து வந்ததுதான். ஒரே சொல், ரெண்டு கண்டம். அடுக்கற வேலை மட்டும் ஒண்ணு.

11/
அப்போ பண்ணையார்களுக்கு என்ன பிரச்சனை? வேலையாள் கிடைக்கலை. இருக்கிறவங்களைக் கடன் கொடுத்துக் கட்டி வச்சாங்க. கடன் தீராது, தீரவும் விடமாட்டாங்க. நம்ம ஊர்ல இதுக்கு ஒரே வார்த்தை: கொத்தடிமை. இன்னொரு பக்கம், பிடிபட்ட மாயா மக்களை 1849-லேர்ந்து கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏத்தி அனுப்பினாங்க. 1861-ல் ஜனாதிபதி பெனிட்டோ ஹுவாரஸ் அதைத் தடை செய்தார்.

12/
நாவல்ல மோரோவுக்குப் பணம் கொடுக்கிறவர் எர்னாண்டோ லிசால்தே என்கிற பண்ணையார். அவருக்கு விஞ்ஞானம் பத்தி அக்கறையே இல்லை. அவருக்கு வேண்டியது எதிர்த்துப் பேசாத, ஓடிப்போகாத, கிளர்ச்சிக்காரர்களோட போய்ச் சேராத வேலையாட்கள். மனுஷன் சரிப்பட்டு வரலைன்னா, மனுஷன் மாதிரி ஒண்ணைச் செஞ்சு கொடுன்னு டாக்டர்கிட்ட ஆர்டர் கொடுத்திருக்கார்.

இதைப் படிச்சதும் நான் புத்தகத்தை மூடி வச்சுட்டேன் கொஞ்ச நேரம். வெல்ஸோட மோரோ தன் ஆர்வத்துக்காக அறுத்தார். இந்த மோரோ மாசாமாசம் வர்ற பணத்துக்காக அறுக்கறார். ரெண்டாவது ஆள்தான் எனக்கு அதிகம் பழக்கமான ஆளா தெரியறார். ஆராய்ச்சிக்குக் காசு எங்கிருந்து வருதுன்னு கேட்காத விஞ்ஞானின்னு ஒருத்தர் எல்லாக் காலத்திலயும் உண்டு.

13/
இப்போ கொஞ்சம் விஞ்ஞானம். டாக்டரா இருந்துக்கிட்டு இதைச் சொல்லலைன்னா எப்படி?

வெல்ஸ் மோரோ செய்றது வெட்டி ஒட்டற வேலை. அது நடக்காது. ஒரு மிருகத்தின் திசுவை இன்னொரு மிருகத்தில் வச்சா உடம்பு அதை அந்நியன்னு கண்டுபிடிச்சுத் தாக்கும். சில நாள்ல கறுத்து உதிர்ந்துடும். வெல்ஸ் எழுதின காலத்தில ரத்த வகைகள் இருக்குன்னே தெரியாது. கார்ல் லேண்ட்ஸ்டைனர் அதைச் சொன்னது 1901-ல். ஒட்டின தோலை உடம்பு ஏன் ஏத்துக்காம உதறுதுன்னு பீட்டர் மெடவர் விளக்கினது 1940-களில்.

14/
நாவல் மோரோ வேற வழி போறார். அவர் பேசறது "ஜெம்யூல்" பத்தி. இது டார்வின் 1868-ல் சொன்ன கருத்து: உடம்பின் ஒவ்வொரு பகுதியும் நுண்ணிய துகள்களை வெளியிடுது, அவை சேர்ந்துதான் அடுத்த தலைமுறைக்குக் குணங்கள் போகுதுன்னு அவர் நினைச்சார். டார்வினே தப்பா சொன்ன இடம் இது.

இதைச் சோதிக்க டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன் ஒரு முயலின் ரத்தத்தை வேற நிற முயலுக்கு ஏத்திப் பார்த்தார். பிறந்த குட்டிகளில் நிறம் மாறலை. அந்த முடிவு வெளியானது 1871-ல். நாவல் தொடங்கற அதே வருஷம்! "நான் ரத்தம்னு சொல்லவே இல்லையே"ன்னு டார்வின் பத்திரிகையில பதில் எழுதினதும் உண்மைதான். பெரிய ஆளுங்களும் நம்மள மாதிரிதான்.

15/
பின்னாளில் "யூஜெனிக்ஸ்" என்கிற சொல்லை உருவாக்கினவரும் இதே கால்டன்தான். "நல்ல" மனுஷங்களை மட்டும் பெருக்கணும்னு சொன்ன கருத்து. மொரேனோ கார்சியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ததே, லவ்கிராஃப்ட் கதைகளில் பெண்களும் யூஜெனிக்ஸ் சிந்தனையும் என்கிற விஷயத்தைத்தான். "நல்ல ரத்தம், கெட்ட ரத்தம்" என்கிற பேச்சு நாவல் பூரா ஓடறதுக்குக் காரணம் இதுதான்.

16/
நாவல் வந்த அதே 2022-ல், ஜனவரி 7 அன்று, அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு நோயாளிக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினாங்க. உடம்பு உதறித் தள்ளாம இருக்க அந்தப் பன்றியின் மரபணுவில் 10 மாற்றங்கள் செஞ்சிருந்தாங்க. அவர் சுமார் ரெண்டு மாசம் வாழ்ந்தார்.

மோரோவுக்கும் அந்தக் குழுவுக்கும் தொழில்நுட்பத்தில மட்டும் வித்தியாசம் இல்லை. அந்த நோயாளிகிட்ட முன்னாடியே எல்லாம் சொன்னாங்க. இது சோதனை, பலன் நிச்சயம் இல்லைன்னு தெரிஞ்சேதான் அவர் சம்மதிச்சார். அந்தச் சம்மதம்தான் ஆய்வுக்கூடத்துக்கும் சித்திரவதைக் கூடத்துக்கும் நடுவில இருக்கிற சுவர்.

17/
இனிமே கதையின் முக்கிய ரகசியத்துக்குப் பக்கத்தில போகப் போறேன். முழுசா உடைக்க மாட்டேன். ஆனா எதுவுமே தெரியாம படிக்கணும்னு நினைக்கறவங்க 27-க்குத் தாவிடுங்க.

18/
கார்லோட்டாவுக்குச் சின்ன வயசுலேர்ந்து ஒரு நோய்னு அப்பா சொல்லியிருக்கார். ரத்தத்தில கோளாறு. வாரா வாரம் அப்பா கையால ஊசி போட்டுக்கணும். போடலைன்னா உயிருக்கு ஆபத்து. அந்த மருந்து அப்பாவுக்கு மட்டும்தான் செய்யத் தெரியும். அதனால பண்ணையை விட்டு எங்கேயும் போக முடியாது. போகணும்னு அவளுக்குத் தோணினதும் இல்லை.

அவ படிச்சவ. ஆய்வுக்கூடத்தில அப்பாவுக்கு உதவி செய்றவ. அப்படியிருந்தும் ஒரு கேள்வி மட்டும் அவ கேட்டதே இல்லை: "அப்பா, அந்த ஊசியில என்ன இருக்கு?"

19/
கலப்பினங்களுக்கும் அதே கதைதான். லூப்பே, கச்சீட்டோ ரெண்டு பேரும் கார்லோட்டாவோட கூடவே வளர்ந்தவங்க. அவங்களுக்கும் மருந்து மோரோ கையில. கூடவே வேதத்திலேர்ந்து பணிவைப் பத்திப் பிரசங்கம். வெளியே வேலி எதுவும் பெரிசா தேவைப்படலை. மருந்தே வேலி, நன்றியுணர்ச்சி அதுக்குப் பூட்டு.

நாவல்ல என்னை ரொம்பப் பயமுறுத்தினது பாதி மிருக உருவங்கள் இல்லை. "உன் நல்லதுக்குத்தான்"னு அன்பா சொல்லிக்கிட்டே ஊசி போடற அந்த அப்பாதான்.

20/
"இதெல்லாம் கதைதானே டாக்டர்"னு சொல்றவங்களுக்கு ஒரு நிஜம்.

1932-லேர்ந்து 1972 வரைக்கும் அமெரிக்காவின் அலபாமா மாநிலம் டஸ்கீகியில, அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஒரு ஆய்வு நடத்தினது. சுமார் 600 ஏழைக் கறுப்பின ஆண்கள். அதில 399 பேருக்குச் சிஃபிலிஸ் நோய். அவங்ககிட்ட நோயின் பேரைச் சொல்லலை. "உங்களுக்குக் கெட்ட ரத்தம்"னுதான் சொன்னாங்க. முதுகுத் தண்டில ஊசி குத்தி நீர் எடுத்ததைச் சிகிச்சைன்னு சொல்லி ஏமாத்தினாங்க. 1947 வாக்கில் பெனிசிலின் வழக்கமான சிகிச்சையா ஆன பிறகும் கொடுக்கலை. நோய் முத்தி எப்படிப் போகுதுன்னு பார்க்கணுமாம்.

கெட்ட ரத்தம். கார்லோட்டாவுக்கு அப்பா சொன்னதும் அதேதான்.

21/
இன்னொண்ணு. இது நம்ம கையிலயே இருக்கிற வரலாறு. இந்தியாவில எம்பிபிஎஸ் படிக்கிற ஒவ்வொருத்தரும் மகப்பேறு வார்டில சிம்ஸ் ஸ்பெகுலத்தைக் கையில எடுத்திருப்போம். தேர்வு மேஜையில வச்சு "இது என்ன?"ன்னு கேட்பாங்க, சொல்லி மார்க் வாங்கியிருப்போம்.

அந்த சிம்ஸ் யாருன்னா, ஜே.மரியன் சிம்ஸ். 1845-லேர்ந்து 1849 வரை அலபாமாவில், பிரசவத்துக்கு அப்புறம் சிறுநீர் கசியும் ஃபிஸ்டுலாவைச் சரி செய்யும் அறுவையை அடிமைப் பெண்கள் மேல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவர். மயக்க மருந்து இல்லாம. பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து எல்லார் முன்னாடியும் செய்து காட்டப்பட்டது 1846-ல். அதுக்கப்புறமும் இவர் கொடுக்கலை.

22/
அந்தப் பெண்களில் மூணு பேர் பேர் மட்டும் நமக்குத் தெரியும்: அனார்கா, பெட்சி, லூசி. அனார்காவுக்கு மட்டும் சுமார் 30 அறுவைகள். சம்மதம்? அவங்க எஜமானர்களுடையது. கூட உதவிக்கு இருந்த டாக்டர்கள் ஒவ்வொருத்தரா விலகினதும், அந்தப் பெண்களையே ஒருத்தருக்கொருத்தர் பிடிச்சுக்கவும் உதவி செய்யவும் வச்சுக்கிட்டார் சிம்ஸ்.

அந்த அறுவை முறை பின்னாளில் எத்தனையோ பெண்களுக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தது. அதுவும் நிஜம். அதனாலதான் இது வில்லன் கதையா சுலபமா முடியறதில்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து சிம்ஸின் சிலையை 2018-ல் எடுத்தாங்க. 2021-ல் அலபாமாவில் அந்த மூணு பெண்களுக்கும் சிலை வச்சாங்க. நம்ம பாடப்புத்தகத்தில கருவியோட பேர் இன்னும் சிம்ஸ்தான். அனார்கா பேரை எனக்கு எந்த வகுப்பிலயும் யாரும் சொல்லலை.

23/
இப்போ மான்ட்கோமரி. என் மனசுல தங்கிப்போன ஆள் இவர்தான். நாவல்ல ஒரு அத்தியாயம் கார்லோட்டா பார்வையிலும் அடுத்தது இவர் பார்வையிலும் மாறி மாறி வரும்.

இவர் கெட்டவர் இல்லை. கடன்ல மூழ்கினவர். அந்தக் கடனை வாங்கி வச்சிருக்கிறவர் லிசால்தே. பண்ணையாட்களைக் கட்டின அதே கயிறுதான் இந்த வெள்ளைக்காரரையும் கட்டியிருக்கு. ஆய்வுக்கூடத்தில என்ன நடக்குதுன்னு முதல் வாரத்திலேயே பார்க்கறார். பிடிக்கலை. இருந்தும் ஆறு வருஷம் அங்கேயே இருக்கார். சம்பளம் வருது, சாராயம் இருக்கு, போக வேற இடமில்லை.

24/
மருத்துவத்துறையில மோரோக்கள் ரொம்பக் குறைவு. மான்ட்கோமரிகள் நிறைய. டஸ்கீகி ஆய்வு 40 வருஷம் ஓடினதுக்கு ஒரு மோரோ காரணம் இல்லை. கோப்பில கையெழுத்துப் போட்டவங்க, ரத்தம் எடுத்தவங்க, கட்டுரையைப் படிச்சிட்டுப் பக்கத்தைத் திருப்பினவங்க, எல்லாரும் சேர்ந்துதான் ஓட்டினாங்க.

அதை நிறுத்தக் காரணமா இருந்தவர் பீட்டர் பக்ஸ்டன். அவர் டாக்டர்கூட இல்லை. அதே துறையில பால்வினை நோயாளிகளைச் சந்திச்சு விவரம் சேகரிக்கிற வேலை. 1966-ல் மேலிடத்துக்கு எழுதினார், யாரும் கண்டுக்கலை. மறுபடி எழுதினார். கடைசியில பத்திரிகையாளர்கிட்ட கொடுத்தார். 1972 ஜூலையில செய்தி வந்தது, அந்த வருஷமே ஆய்வு முடிஞ்சது.

25/
ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ பார்த்த ஒண்ணு. ஊர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம். காலை ரவுண்ட்ஸ். ஒரு சீனியர், பின்னாடி நாங்க பதினஞ்சு இருபது பேர். வயசான அம்மா ஒருத்தங்க படுத்திருக்காங்க. சீனியர் எதுவும் கேட்காம போர்வையைத் தூக்கி வயித்தைக் காட்டிப் பாடம் எடுக்க ஆரம்பிச்சார். அந்த அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க.

அப்போ வார்டு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, ஒரு வார்த்தை பேசாம, ஓரத்தில இருந்த ஸ்கிரீனைத் தரதரன்னு இழுத்துட்டு வந்து நடுவில நிறுத்தினாங்க. அப்புறம் குனிஞ்சு, "அம்மா, இவங்க எல்லாம் படிக்கிற பிள்ளைங்க. உங்க வயித்தைப் பார்த்துக் கத்துக்கணும்னு கேட்கறாங்க. பார்க்கட்டுமா? வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது"ன்னாங்க.

அந்த அம்மா கண்ணைத் திறந்து எங்க எல்லாரையும் ஒரு தடவை பார்த்துட்டு, "பாருங்க சாமி. நாலு பேர் மட்டும் பாருங்க"ன்னாங்க. சீனியர் முகம் சிவந்துபோச்சு. ஆனா நாலு பேர்தான் பார்த்தோம்.

26/
மருத்துவ நெறிமுறைப் பாடத்தில எனக்குக் கிடைச்ச முழு வகுப்பு அதுதான். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. அந்த அக்காவுக்குப் பதவி கிடையாது, அந்த இடத்தில அதிகாரமும் கிடையாது. கையில இருந்தது ஒரு ஸ்கிரீன். மான்ட்கோமரி ஆறு வருஷமா "நான் என்ன பண்ண முடியும்"னு கேட்டுக்கிட்டே குடிக்கறப்போ எனக்கு அந்த ஸ்கிரீன்தான் ஞாபகம் வந்துச்சு. நாவலோட பின்பாதியில அவரும் தன்னால முடிஞ்ச ஸ்கிரீனை இழுக்கறார். எப்படின்னு படிச்சுத் தெரிஞ்சுக்கோங்க.

27/
(தாவி வந்தவங்களுக்கு வணக்கம்.) நாவல்ல குறை இல்லையா? இருக்கு.

முதல் பாதி மெதுவா நகரும். விருந்து, உடை, கல்யாணப் பேச்சுன்னு போகும். திகில் வேணும்னு எடுத்தவங்க பொறுமை இழக்கலாம். ஒரே எண்ணத்தைக் கார்லோட்டா பக்கத்திலயும் மான்ட்கோமரி பக்கத்திலயும் ரெண்டு தடவை கேட்கற மாதிரி சில இடங்கள் இருக்கு. மாயா கிளர்ச்சியாளர்கள் கதைக்கு இவ்வளவு முக்கியமா இருந்தும் பெரும்பாலும் தூரத்திலயே நிக்கறாங்க. போர் நடக்குது நடக்குதுன்னு கேட்டுக்கிட்டே இருப்போம், அவங்க வீட்டுக்குள்ள ஒரு தடவைகூட நல்லா உட்காரலையேன்னு எனக்கு ஏக்கம்.

28/
இருந்தாலும் கடைசி மூணில் ஒரு பங்கு கீழே வைக்க விடாது. லூப்பேவுக்கும் கார்லோட்டாவுக்கும் நடக்கற வாக்குவாதங்களுக்காகவே படிக்கலாம். "உங்க அப்பா நல்லவர்னு நீ நினைக்கறே, ஏன்னா உனக்குத்தான் தனி அறை இருக்கு" என்கிற தொனியில லூப்பே பேசற ஒவ்வொரு இடமும் சுருக்குனு குத்தும். அன்பு இருக்கிற வீட்டுக்குள்ளயும் அநியாயம் இருக்க முடியும், அதைச் செல்லப்பிள்ளைதான் கடைசியா கண்டுபிடிக்கும்னு இந்த நாவல் நல்லாவே காட்டுது.

29/
எதை முதல்ல படிக்கறது? வெல்ஸை முதல்ல படிங்க. சின்னப் புத்தகம், ரெண்டு மூணு ராத்திரியில முடிஞ்சுடும். காப்புரிமை முடிஞ்சதால இணையத்தில இலவசமாவே கிடைக்குது. அப்புறம் இதைப் படிச்சா, எந்த இடத்தில எதைத் திருப்பிப் போட்டிருக்கார்னு புரிஞ்சு ரசிக்கலாம். படிக்காமலே நேரா இதுக்கு வந்தாலும் கதை தடைபடாது.

30/
கடைசியா, டாக்டரா உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்லோட்டா அவ அப்பாகிட்ட கேட்காத கேள்விகளை நீங்க எங்ககிட்ட கேளுங்க.

இந்த மருந்தோட பேர் என்ன?
எனக்கு என்ன நோய், அதோட பேர் என்ன?
இதைப் போட்டா என்ன ஆகும், போடலைன்னா என்ன ஆகும்?
எத்தனை நாளைக்கு?
வேற வழி ஏதாவது இருக்கா?

31/
ஓபியில ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கறோம்னு உங்களுக்கே தெரியும். சில நேரம் பதில் சுருக்கமா வரும். சில நேரம் டாக்டர் சலிச்சுக்கவும் கூடும். பரவாயில்லை, கேளுங்க. ஒப்புதல் படிவத்தில கைநாட்டு வைக்கறதுக்கு முன்னாடி, "இதில என்ன எழுதியிருக்கு, படிச்சுக் காட்டுங்க"ன்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. வீட்டில படிச்ச பிள்ளை இருந்தா கூட்டிட்டு வாங்க. கேள்வி கேட்கற நோயாளியால எங்க வேலை கெடாது. யாரும் எதுவும் கேட்காத வார்டுதான் ஆபத்தான வார்டு.

"நீங்க சொன்னா சரிதான் சாமி"ன்னு சொல்றவங்க மேல எங்களுக்குப் பாசம் வரும், உண்மைதான். ஆனா மோரோவுக்கும் கார்லோட்டா மேல பாசம் இருந்துச்சு.

32/
நாவலைப் படிச்சவங்க கருத்து சொல்லுங்க, முடிவை மட்டும் உடைச்சுடாதீங்க. இதே மாதிரி பழைய கதையைப் புதுசா திருப்பி எழுதின வேற நாவல்கள் தெரிஞ்சா கீழே சொல்லுங்க. அடுத்த நைட் டியூட்டி முடிஞ்ச மறுநாள் படிக்க ஒண்ணு வேணும்.